இசோவின் கழுத்துப்பட்டி

இசோவை எனக்குப் பிடிக்காது. அவள் செத்து நாற்பத்தொன்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது, இன்னும் பிடிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடிருந்தபோது அவள் என்னைப் பற்றி நல்லதாக அரைச் சொல் சொன்னதில்லை. நான் மட்டும் ஏன் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்?

என் பெயர் கோன்ரோக்கு. காண்டாப் பேட்டையில் படம் அச்சடிக்கும் பலகை செதுக்குகிறவன். முகம், கூந்தல், கைவிரல் இவை மூன்றும் என் பங்கு. உடை, மரம், மேகம் எல்லாம் பட்டறையில் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நெற்றியோரத்து மயிரிழையை ஓர் அரிசியின் அகலத்துக்குள் பதினைந்து செதுக்குவேன். தற்பெருமைதான். காண்டாக்காரனிடம் வாயையும் மூக்கு நுனிக் கோபத்தையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? எழுத்துப் பலகைகளும் செதுக்கியிருப்பதால் எனக்கு எழுத வரும். அதனால் இதை நானே எழுதுகிறேன்.

இசோ எங்கள் சந்தில் கிணற்றுக்கு அடுத்த இரண்டாவது வீட்டில் குடியிருந்தாள். தேநீர் வாத்தியாரம்மா. பெரிய வீட்டுப் பெண்களைப் போலத் தேநீர் கலக்கவும், நீட்டவும், வணங்கவும், எழுந்து போகவும் வியாபாரிகளின் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பாள். அவளுடைய அப்பாவுக்கு அப்போது நாட்டை ஆண்ட ஷோகுனின் படையில் ஏதோ சின்ன உத்தியோகம். ஆட்சி கவிழ்ந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அப்பா வாளை விற்றுப் பலகாரக் கடை வைத்தார். வாங்க வந்தவனுக்குத் தலை வணங்கத் தெரியாதவர் என்ன வியாபாரம் செய்வார்? ஒரே வருடத்தில் கடையை மூடினார். கட்டிக்கொண்ட போலீஸ்காரனும் காலராவில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு மிஞ்சியது ஒரு கறுப்புத் தேநீர்க் கிண்ணம், ஓர் இரும்புக் கெண்டி, வளையத் தெரியாத ஒரு முதுகு, அவ்வளவுதான்.

அந்த முதுகைப் பார்த்தாலே எனக்கு எரியும். குளிக்கும் கூடத்துக்குப் போகும்போதுகூட, சிறு தொட்டியை இடுக்கிக்கொண்டு, யாரோ எதிரில் வந்து வழிவிட வேண்டும் என்பதுபோல நடப்பாள். டோஃபு விற்கிறவனை நிறுத்தி, "இன்னிக்கு உன் கூவல்ல சுருதி சேரல" என்பாள். என் மனைவி தாகி கிணற்றடியில் வாளியை வைத்தால், வைத்த சத்தத்துக்கு இவள் வீட்டுக் கதவு திறக்கும். கல்யாணமானவள் பல்லுக்குக் கறுப்புப் பூசும் பழைய வழக்கத்தை ஊரெல்லாம் விட்டுவிட்ட பிறகும் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். மாணவிகள் எட்டுப் பேர். அது போதவில்லை என்று ராத்திரியும் பகலும் துணி தைத்தாள். தாகிக்கு ஒருமுறை குளிர்கால மேலங்கி தைத்துக் கொடுத்தாள். தையலில் குறை கண்டுபிடிக்க அதை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பதிப்பகக் கடைக்காரர் கிச்சிபே பெண்கள் படம் ஏழு போட வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் வினை.

"கோன்ரோக்கு, இனிமே நடிகன் படமும் போணியாகாது, ரயில் படமும் சலிச்சுப் போச்சு. ஜனங்களுக்கு இப்ப பழைய காலத்துப் பெரிய வீட்டுப் பொம்பளைங்க வேணும். அமைதியா உக்காந்து பூ அடுக்கணும், கோட்டோ மீட்டணும், தேநீர் கலக்கணும்."

"எம் பொண்டாட்டி துணி தொவைக்கிறத வரையச் சொல்லுங்க. அவளும் பொம்பளதான்."

"அத யாருய்யா காசு குடுத்து வாங்கிச் சுவத்துல ஒட்டுவான்?"

பூ, கோட்டோ, தேநீர், தூபம், பாட்டுச் சீட்டு, சிப்பி ஜோடி சேர்க்கும் விளையாட்டு, தையல் என்று ஏழு தாள். தெருவில் பாதிப் பேர் வள்ளிக்கிழங்கைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த வருடம் அது. படத்தில் மட்டும் பெண்கள் சாவகாசமாகச் சிப்பிக்கு ஜோடி தேடுவார்கள். முறை தவறக் கூடாது என்பதற்காகக் கிச்சிபே இசோவை வரவழைத்தார். ஓவியருக்கு முன்னால் அவள் உட்கார வேண்டும். அச்சான தாளைப் பார்த்துத் தப்பும் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாகத் தேநீர்ப் படத்தின் ஓரத்தில் 'முறை காட்டியவர் இசோ' என்று பெயர் வரும். அந்தப் பெயரைப் பார்த்து இன்னும் நாலு மாணவிகள் வந்தால் அவள் ஊரார் துணி தைப்பதை விட்டுவிடலாம். இதை அவள் தாகியிடம் சொல்லியிருந்தாள். அந்த நாலு பேருக்காகத்தான் அவள் எங்கள் மாதிரி ஆட்களோடு ஒரே பாயில் உட்காரச் சம்மதித்தாள்.

முதல் கறுப்பு அச்சு வந்த அன்று ஏழு தாள்களையும் கிச்சிபே கடைப் பாயில் பரப்பினார். அவள் குனியவில்லை. தாளைத்தான் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது யாரோட கை?"

"படத்துல இருக்கிற அம்மாவோட கைதான்" என்றேன்.

"மீன் கழுவுற கை. இந்தக் கையால எடுத்தா கிண்ணமே அழும்."

அடுத்தது தூபப் படம்.

"இவ மோந்து பாக்கிறா. தூபத்த மோந்து பாக்கக் கூடாது, கேக்கணும்."

"அப்ப காத நீட்டமாச் செதுக்கிடட்டுமா, வாத்தியாரம்மா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "சிரிச்சு முடிச்சாச்சுன்னா விரல மாத்து" என்றாள்.

மாற்றினேன். செதுக்கிய மரத்தை அழிக்க முடியாது. தப்பான இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புதுச் செர்ரிக் கட்டை ஒன்றை இறுக்கி அடித்து, அதன் மேல் மறுபடி செதுக்க வேண்டும். ஒட்டுக்கட்டை என்போம்; உடையில் வந்தாலும் அது என் வேலைதான். ஒரு படத்துக்கு ஒன்று வந்தாலே தொழிலில் சிரிப்பார்கள். அவளால் எனக்கு ஆறு வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாவிட்டால் வயிறு ஆறாது: ஆறிலும் அவள் சொன்னதுதான் சரி. புது விரல்கள் பழையதைவிட நன்றாக வந்தன. தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

வண்ணப் பலகைகளும் தயாராகி, ஓவியர் ஓசாகாவுக்குப் போய்விட்ட பிறகு, பன்னிரண்டாம் மாதக் கடைசியில், தேநீர்ப் படத்தைப் பார்க்க அவள் மறுபடி வந்தாள். புத்தாண்டுக்குப் படம் கடையில் தொங்க வேண்டும். அச்சுக்காரர் தாளை நனைத்து வைத்திருந்தார்.

"கிண்ணம் துடைக்கிற பட்டுத்துணி இடுப்புல இடப்பக்கம் தொங்குது. எங்க வீட்டு முறையில வலப்பக்கம். அப்புறம், கழுத்து ரொம்பத் தெறந்திருக்கு. இது தேநீர் குடுக்கிறவ கழுத்தா, மது ஊத்திக் குடுக்கிறவ கழுத்தா? ரெண்டையும் மாத்தணும்."

"அம்மா, நாளே இல்ல" என்று கிச்சிபே கெஞ்சினார்.

"எம் பேரு இருக்கு இதுல." என்னைப் பார்க்காமல், அச்சுக்காரர், கணக்கர், தாள் கொண்டுவந்தவன் எல்லாரும் கேட்க, சொன்னாள்: "இவனுக்கு மயிரு செதுக்கத்தான் வரும். ஒரு மனுஷி எப்படி உடுத்துவான்னு பாத்திருந்தாத்தானே தெரியும்."

பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் வாங்கிய சூடான சோபாச் சேவை ஆறி விறைத்துப்போகும்வரை தின்னாமல் வைத்திருந்தேன். அவ்வளவு கோபம்.

எங்கள் தொழிலில் உலகம் இடம் வலமாகத்தான் இருக்கும். ஓவியத்தாளைப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவோம், அச்சில் நேராகிவிடும். இடது மடிப்பு மேலே வர உடுத்துகிறவள் உயிரோடிருக்கிறவள். வலது மடிப்பை மேலே போடுவது பிணத்துக்கு மட்டும். ஆகவே பலகையில் பார்த்தால் எல்லாப் பெண்களும் பிணத்தைப் போலத்தான் உடுத்தியிருப்பார்கள். தாளுக்கு வந்த பிறகுதான் உயிரோடிருக்கிறவர்கள். இருபத்தெட்டு வருடமாக நான் அப்படித்தான் பார்த்துப் பழகியிருந்தேன்.

ஒட்டுக்கட்டைக்கு மேலே ஒட்ட ஓவியத்தாள் இல்லை. தூரிகையால் நானே மரத்தில் கோடு போட்டேன். பட்டுத்துணியை யோசித்துத் திருப்பிப் போட்டேன், சரியாக வந்தது. கழுத்தை யோசிக்கவில்லை. அவளையே, கடைப் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளையே, நினைத்துக்கொண்டு போட்டேன். கண்ணெதிரே இருப்பவளை வரைகிறவனைப்போல இடது மடிப்பை மேலே போட்டு, மரத்தில் நேராக. கத்தி தானாக ஓடியது. முடித்து, மை தடவி, ஒரு துண்டுத் தாளை வைத்துத் தேய்த்து எடுத்தேன்.

தாளில் வலது மடிப்பு மேலே இருந்தது. பிணம் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்து தேநீர் கலந்துகொண்டிருந்தது.

கை தவறியது தவறுதான், எந்தச் செதுக்குகிறவனுக்கும் வரக்கூடியது. ஆனால் நான் பார்த்தேன். துண்டுத் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டேன், பலகையைத் துணியில் சுற்றினேன், அச்சுக்காரருக்கு அனுப்பினேன். இன்னொரு கட்டை அடிக்க நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. அன்று சாயங்காலம் வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து பாட்டுகூடப் பாடினேன்.

சாம்பல் நிறக் கிமோனோ, வெள்ளைக் கழுத்துப்பட்டி. மாறியிருந்தது ஒரே ஒரு கோடு. அச்சுக்காரருக்குத் தெரியவில்லை, கிச்சிபேவுக்கும் தெரியவில்லை. ஆண்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். புத்தாண்டு நாலாம் நாள், கடையில் தொங்கிய படத்தின் முன்னால் அரிசிக்கடை தோமி நின்றாள். அவள் பெண் இசோவிடம் தேநீர் கற்றுக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! இந்தப் பொம்பள செத்தவ மாதிரி உடுத்தியிருக்காளே! வருஷப் பொறப்பும் அதுவுமா பொணம் தேநீர் ஊத்துது!"

இருநூறு தாள் அதற்குள் வெளியே போயிருந்தது. ஓரத்தில் பெயர் தெளிவாக இருந்தது, அதையும் நான்தான் செதுக்கியிருந்தேன். 'பிணத் தேநீர்' என்று மூன்று நாளில் பட்டம் பரவியது. பதினைந்தாம் தேதிக்குள் எட்டு மாணவிகளில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள். படைவீரர் குடும்பமாம், முறையாம், கழுத்துப்பட்டி எந்தப் பக்கம் என்றே தெரியாதவள், எங்கோ சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பாள் என்று பேசினார்கள்.

கிச்சிபே மிச்சப் படத்தைச் சுருட்டி உள்ளே வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே இசோ கடைக்குள் வந்தாள். தோமியும் இருந்தாள். நானும் இருந்தேன்.

"ஓவியர் கண்டத வரைஞ்சாரு. வாத்தியாரம்மா எப்படி உக்காந்தாங்களோ அப்படித்தான். போதாததுக்குக் கடைசியில அந்தக் கழுத்த மாத்தச் சொன்னதே அவங்கதான். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

இல்லை என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? மாற்றச் சொன்னது உண்மை. ஓவியத்தாள் செதுக்கும்போதே சிராய்ந்து போய்விட்டது. பழைய அச்சுத் தாள்களையும் வண்ணப் பலகைகளில் ஒட்டிச் செதுக்கித் தீர்த்துவிட்டோம். அவள் பக்கம் சாட்சி சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஓவியர் ஓசாகாவில்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கோன்ரோக்கு, நீ சொல்லு. நான் மாத்தச் சொன்னது என்ன, நீ செதுக்கினது என்ன?"

கிச்சிபே என்னைப் பார்த்தார். தோமி பார்த்தாள். 'என் கத்தி' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். காண்டாவில் ஒரு சிறு பயலும் செய்யாத தப்பை நான் செய்தேன் என்று ஆகும். அவள் என்னைப் பற்றிச் சொன்னது உண்மை என்றும் ஆகும்.

"எனக்குக் குடுத்தத நான் செதுக்கினேன்" என்றேன்.

அவள் தலையை லேசாகத் தாழ்த்தி, கும்பிட்டுவிட்டு, வெளியே போனாள். அந்தக் கும்பிடு அடிபோல விழுந்தது.

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் அவளிடமிருந்து சீட்டு வந்தது. தேநீருக்கு அழைப்பு, எனக்கு மட்டும். போகமாட்டேன் என்றேன். தாகி விடவில்லை.

"ஏன்யா, கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. போகலைன்னா பயந்துட்டேன்னுதான் அர்த்தம்."

"எவளுக்குடி நான் பயப்படுறேன்?"

போனேன். நாலரைப் பாய் விரிக்கும் அளவில் சின்ன அறை. உச்சிப்பொழுது வெயில் காகிதக் கதவில் விழுந்திருந்தது. கெண்டியில் தண்ணீர் முனகிக்கொண்டிருந்தது. விருந்தாளி உள்ளே நுழைந்ததும் சுவர் மாடத்தில் தொங்கும் சித்திரத்தை முதலில் வணங்க வேண்டும். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். முழங்காலிட்டுக் கையூன்றித் தலையைத் தூக்கினேன். மாடத்தில் தொங்கியது அந்தப் படம். நல்ல பட்டு விளிம்பு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து அறைக் கதவு திறந்து அவள் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வணங்கினேன். என் கத்தியால் செய்ததை என் தலையால் கும்பிட்டேன்.

அவள் தேநீர் கலந்தாள். பட்டுத்துணியை இடுப்பின் வலப்பக்கத்திலிருந்து எடுத்தாள், மடித்தாள், துடைத்தாள். கரண்டியை வைத்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பெண்களின் கைகளைச் செதுக்கியவன் நான். அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவள் கழுத்துப்பட்டி இடது மேல், நூல் பிடித்த மாதிரி. என் கால் மரத்துப்போயிற்று. கசப்பைக் குடித்தேன், மூன்றாவது மிடற்றில் சத்தத்தோடு உறிஞ்சினேன், அதுதான் முறை.

குடித்து முடித்தால் விருந்தாளி கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கிண்ணம் எங்கே செய்தது, கரண்டி யார் செதுக்கியது, மாடத்துச் சித்திரம் யாருடையது. அவள் காத்திருந்தாள். கெண்டி முனகியது.

"நல்ல கிண்ணம்" என்றேன்.

"எங்க அப்பாவோடது. அடுத்து?"

"கரண்டியும் நல்லா இருக்கு."

"அடுத்து கேக்க வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு."

"எனக்கு முறையெல்லாம் தெரியாது வாத்தியாரம்மா. மயிரு செதுக்கத்தான் வரும்."

"நான் பேசினது தப்பு" என்றாள். "எல்லாருக்கும் முன்னால உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்ப நீ சொல்லு. இங்க வேண்டாம். தோமி முன்னால சொல்லு. கத்தி தவறிடுச்சுன்னு சொன்னாப் போதும். நீ பாத்துட்டுத்தான் அனுப்பினேங்கிறது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டாம்."

அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் அன்றே சொல்லித் தொலைத்திருப்பேனோ என்னவோ. பாதியை மன்னித்து, பாதியைக் கேட்டாள். பிச்சை போடுவதுபோல. மரத்த காலை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எனக்குக் குடுத்தத நான் செதுக்கினேன்" என்றேன் மறுபடி.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். மிச்சமிருந்த இரண்டு மாணவிகளும் கல்யாணம் ஆகிப் போனார்கள். புதிதாக யாரும் வரவில்லை. துணி தைக்கக் கொடுப்பவர்களும் குறைந்தார்கள்; அந்தக் கை பட்டது ஆகாது என்று சிலருக்கு எண்ணம். கடைசியில் ஈமப் பொருள் விற்கிறவன்தான் வேலை கொடுத்தான். பிணத்துக்கான வெள்ளை உடுப்பு. நூல் முனையில் முடிச்சுப் போடாமல் தைக்க வேண்டும். யாரும் விரும்பாத வேலை. படத்தில் ஏழாவது தாள் தையல்; அதில் அவள் உட்கார்ந்திருந்த அதே நிமிர்ந்த முதுகோடு சன்னலடியில் பிணச்சட்டை தைத்தாள். அந்தச் சன்னலைக் கடந்துதான் நான் தினமும் பட்டறைக்குப் போக வேண்டும்.

அவள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"சொல்லிட்டியா, கோன்ரோக்கு?"

டோஃபுக்காரன் முன்னால், குளியல் கூட வாசலில், கோயில் திருவிழாவில் நான் பல்லக்குத் தூக்கிக்கொண்டு வியர்த்து வழிந்தபோது, எங்கும். சத்தம் போடமாட்டாள். டோஃபு என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்பாள்.

"போ கிழவி, போய்ப் பொணத்துக்கு அளவெடு" என்பேன்.

"உன் அளவு எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள்.

சந்தில் எல்லாரும் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எதைச் சொல்ல வேண்டும் என்று தாகி பலமுறை கேட்டாள். பைத்தியம் உளறுகிறது என்றேன்.

போன குளிர்காலத்தில், இரண்டாம் மாதம், மூன்று நாள் அந்தச் சன்னல் திறக்கவில்லை. தாகிதான் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். மார்புச் சளி. காய்ச்சலோடு ஒரு நாள் இருந்தாள், மறுநாள் விடிந்ததும் இல்லை. உறவு என்று யாரும் வரவில்லை. சந்துப் பெண்கள் கழுவி உடுத்தக் கூடினார்கள். என்ன இருந்தாலும் சாவு, தோமியும் வந்தாள்.

நான் பட்டறையில் இருந்தேன். காலை வெயில் பலகைமேல் விழும் நேரம், கூந்தல் செதுக்க அதுதான் நல்ல நேரம். தாகி செருப்பு அறுந்துபோகிற மாதிரி ஓடி வந்தாள்.

"ஏன்யா, எழுந்திரு. உன்னத்தான் கேக்குறாங்க."

"யாரு?"

"செத்தவங்க."

அவள் தனக்கான வெள்ளை உடுப்பைத் தானே தைத்துப் பெட்டியில் வைத்திருந்தாளாம். மடிப்புக்குள் ஒரு சீட்டு. ஈமக் கடைக்காரன் அதை எல்லாருக்கும் படித்துக் காட்டியிருக்கிறான். நான் போனதும் எனக்காக மறுபடி படித்தான்.

"'எனக்கு இடது மடிப்பை மேலே போட்டு உடுத்துங்கள். பிணத்தின் உடுப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை உடுத்தியாகிவிட்டது. ஏன் என்று பலகை செதுக்கும் கோன்ரோக்குவைக் கேளுங்கள். அவன் சொல்லாவிட்டால் வழக்கப்படியே உடுத்திவிடுங்கள்.'"

இசோ பாயில் படுத்திருந்தாள். வெள்ளை உடுப்பு போட்டிருந்தது, கயிறு இன்னும் கட்டவில்லை. தோமி இரண்டு மடிப்பையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது என்ன கூத்து, கோன்ரோக்கு? உசுரோட இருக்கிறவ மாதிரி உடுத்தி அனுப்பினா போற வழி தெரியாமத் திரும்பி வந்துடுவா. நான் மாட்டேன். என்ன விஷயம்னு சொல்லு, இல்ல வேலையப் பாக்க விடு."

'வழக்கப்படி உடுத்துங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லிட்டியா என்று கேட்கிறவளும் வாயை மூடியாயிற்று. கிழவி செத்தும் விடவில்லையே என்று எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது.

"கத்தி என்னோடது" என்றேன். "அந்தப் படத்துல அவ சரியாத்தான் உக்காந்தா. ஓவியரும் சரியாத்தான் வரைஞ்சாரு. ஒட்டுக்கட்டையில நான்தான் கழுத்தத் திருப்பாமச் செதுக்கினேன்."

"கை தவறிடுச்சா?" என்றாள் தோமி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இசோ அன்று கேட்டதும் அவ்வளவுதான். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். அவள் போட்ட பிச்சை எனக்கு எதற்கு?

"தவறிடுச்சு. அப்புறம் தேச்சுப் பாத்தேன். தெரிஞ்சுது. தெரிஞ்சும் அனுப்பினேன். கடையில நீயும் இருந்தே, கிச்சிபேயும் இருந்தாரு. அவ என்னக் கேட்டா. பொய் சொன்னேன்."

தாகி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. தோமி மடிப்புகளைக் கையிலிருந்து விட்டுவிட்டாள்.

"ஒம்பது வருஷம்" என்றாள். "என் பொண்ண முதல்ல நிறுத்தினது நான்தானே. பாவி, ஒரே சந்துல இருந்துகிட்டு ஒம்பது வருஷமா?"

பிறகு அவள் குனிந்து வலது மடிப்பை உள்ளே தள்ளி, இடது மடிப்பை மேலே கொண்டுவந்து, இழுத்து நேராக்கிக் கயிற்றைக் கட்டினாள். ஈமக் கடைக்காரன் ஏதோ சொல்ல வந்தான். "நீ சும்மா இருய்யா" என்று தாகி அதட்டினாள்.

இப்போது குளியல் கூடத்தில் எனக்கு யாரும் முதுகு தேய்க்க வருவதில்லை. கிச்சிபே என்னைக் கடைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாகி சோறு போடுகிறாள், பேசுவதில்லை. பேசினால் ஒன்றைத்தான் சொல்கிறாள்: மடிப்பைத் திருப்பிப் போட்டதும் இசோவின் முகம் சிரித்ததாம்.

எனக்குத் தெரியாது. நான் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.